கௌவலும் கடித்தலும்

நாயின் வாய் செய்யும் வேலையைக் குறிக்கத் தமிழில் மூன்று வினைகள் உள்ளன: கௌவுதல், கடித்தல், குதறுதல். தாய்நாய் தன் குட்டியைக் கௌவித் தூக்கிச் செல்லும். அங்கே பல் படும், பதியாது. வேலி தாண்டி வந்தவனைக் கடிக்கும். அங்கே பல் பதியும். அகப்பட்ட கோழியைக் குதறும். அங்கே பதிந்த பல் இழுத்துக் கிழிக்கும். மூன்றும் ஒரே வாயின் தொழிலே எனினும் அவற்றிடை உள்ள வேற்றுமை பெரிது. இக்காலத்தில் நாம் இம்மூன்றையும் ஒன்றாக்கி, “நாய் கடிக்கிறது” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அன்றாடப் பேச்சில் இதனால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு நாய் வளர்ப்பவர் இந்த வேற்றுமையை அறியாமல் இருக்க இயலாது.

அவர் நாள்தோறும் காணும் காட்சி இது: மாலையில் இரண்டு நாய்களும் ஒன்றன்மேல் ஒன்று பாய்கின்றன. ஒன்று மற்றொன்றின் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறது. கீழே கிடப்பது நான்கு கால்களையும் மேலே நீட்டி உறுமுகிறது. பல் தெரிகிறது. இது விளையாட்டா, சண்டையா? விலக்குவதா, விட்டுவிடுவதா? விளையாட்டைச் சண்டை என்று கருதியவர், “இரண்டும் ஒத்துப்போகமாட்டா” என முடிவுகட்டி, ஒன்றை வண்டியில் ஏற்றிச் செம்பனைக் காட்டோரம் இறக்கிவிட்டு வருகிறார். சண்டையை விளையாட்டு என்று கருதியவர் வீட்டில் ஒருநாள் நாயின் காது கிழிகிறது. விலக்கப் போன பிள்ளையின் கையும் கிழிகிறது. இரண்டும் எங்கள் மஞ்சோங் மாவட்டத்தில் நடப்பனவே.

முன்னாளில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் ரப்பர் நிறைந்திருந்த காலத்தில் லயத்து நாய்க்கு எல்லை என்று ஒன்று இல்லை. விடியலில் பிரட்டுக்களம் வரை ஆளோடு போகும். வெயில் ஏறினால் நிழல் கண்ட இடத்தில் படுக்கும். மற்றொரு நாயின் தொல்லை பொறுக்க முடியாவிட்டால் எழுந்து பால்மரக் காட்டுக்குள் போய்விடும். அந்த எழுந்து போதல் ஒன்றே எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் குறைந்தன, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டின் முன்னால் ஒரு கார் நிற்கும் அளவு சிமெண்டுத் தரை, சுற்றிலும் வேலி, பூட்டிய இரும்புக் கதவு. அதற்குள் இரண்டு நாய்கள். விளையாட்டு அதே விளையாட்டுத்தான். எழுந்து போக இடம் மட்டும் இல்லை. முரட்டு விளையாட்டை அடக்குவது நம் வேலை அன்று. அதில் ஈடுபட்ட நாய் எதுவும் வேண்டும்போது விலகிப் போக வழி வைப்பதே நம் வேலை என்பது என் கருத்து.

நாயின் விளையாட்டை நம் புலவர்கள் காணாமல் விடவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையைக் காட்டும் இடத்தில், மலைபோல் குவித்த மூட்டைகள் கிடக்கும் முற்றத்தில் கூரிய நகமுடைய ஆண்நாய் ஆட்டுக்கிடாயோடு துள்ளித் திரிவதைச் சொல்கிறார். மலைச்சரிவில் வருடையாடு துள்ளுவதை அதற்கு உவமையாக்குகிறார். அங்கு அவர் ஆளும் வினை ‘உகளுதல்’. போர் என்றோ பூசல் என்றோ அவர் சொல்லவில்லை. ஒன்றுக்குப் பல், மற்றொன்றுக்குக் கொம்பு. எனினும் இரண்டும் துள்ளுகின்றன, அவ்வளவே. அதை விளையாட்டு என்று கண்ட அளவிலேயே தெளிந்த கண் அது. அந்த முற்றம் மிக அகலமானது என்பதையும் நாம் மறக்கலாகாது.

நிற்க. விளையாட்டு என்று எதனால் தெளிவது?

நாய் முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, எதிரில் நிற்பதைப் பார்ப்பதுண்டு. வணங்குவது போன்ற இந்நிலையை அழைப்பு வணக்கம் எனலாம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெக்காஃப் என்னும் அறிஞர் நாய்க்குட்டிகள், ஓநாய்க்குட்டிகள், கயோட்டி என்னும் காட்டுநாய்க் குட்டிகள் ஆகியவற்றின் விளையாட்டை ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த வணக்கம் விளையாட்டின் தொடக்கத்தில் மட்டும் வருவதன்று. கழுத்தைக் கௌவித் தலையை இருபுறமும் உலுக்குவது போன்ற, தவறாகக் கொள்ளத்தக்க செயல்களுக்குச் சற்று முன்போ, சற்றுப் பின்போ அது அடிக்கடி வருகிறது. உலுக்குதல் என்பது இரையைக் கொல்லும் செயல். அதைச் செய்யும் நாய், “நான் செய்தது விளையாட்டே, பிழையாகக் கொள்ளாதே” என்று உடனே குறி காட்டுகிறது.

பெக்காஃப் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இக்குறிகளை நிறுத்தற்குறிகளாகக் கூறினார். தமிழாசிரியர்க்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை. ‘வந்தான்’ என்னும் ஒரே சொல் முற்றுப்புள்ளியால் ஒரு பொருளும், வினாக்குறியால் ஒரு பொருளும், வியப்புக்குறியால் ஒரு பொருளும் தருவதை நாம் வகுப்பில் காட்டுகிறோம். நாயின் கௌவலும் அத்தகையதே. செயலை மட்டும் பார்ப்பவர் குறி இல்லாத வாக்கியத்தைப் படிப்பவர் ஆகிறார்.

வணக்கம் ஒன்றே குறி அன்று. நல்ல விளையாட்டில் உடல் முழுவதும் குழைந்திருக்கும். வாய் தளர்ந்து திறந்திருக்கும். ஓட்டம் நேர்கோடாக இராமல் வளைந்து வளைந்து போகும். சில நாய் நடுவில் தும்மும். துரத்தியது சற்று நேரத்தில் துரத்தப்படும். வலியது வேண்டுமென்றே தன் வலிமையைக் குறைத்துக்கொள்ளும். பெரிய நாய் தரையில் படுத்துக்கொண்டு சிறியதைத் தன்மேல் ஏறவிடும். எல்லாவற்றினும் முதன்மையானது, இடையிடையே நிற்பது. இரண்டும் ஒருகணம் விலகி, உடம்பை உதறி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியே விளையாட்டின் உயிர்.

இங்கு ஒரு தவறான அளவுகோலை விலக்க வேண்டும். இரண்டு நாய்களும் சரிபாதி வென்று, சரிபாதி தோற்றால்தான் விளையாட்டு என்று கூறுவாரும் உளர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக்கா பவர், பார்பரா ஸ்மட்ஸ் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. பல இணைகளில் ஒன்றே பெரும்பாலும் மேலே இருந்தது. ஆயினும் விளையாட்டு முறியாமல் நடந்தது. அதுபோன்றே, மல்லாந்து கிடக்கும் நாய் தோற்றுப் பணிந்துவிட்டது என்ற எண்ணமும் பழையது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டின் நடுவே மல்லாந்த நாய்கள் கழுத்துப் பிடியைத் தவிர்க்கவும் கீழிருந்தே திருப்பித் தாக்கவும் அவ்வாறு செய்தமை புலனாயிற்று. மல்யுத்தம் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

உறுமலும் அப்படியே. எல்லா உறுமலும் ஒரு பொருளின அல்ல. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரத்து ஆய்வாளர்கள் ஓர் அறையில் எலும்பை வைத்து, நாய் அதை நெருங்கும்போது மறைவிலிருந்த ஒலிபெருக்கியில் உறுமல்களை ஒலிக்கச் செய்தனர். 2010ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: உணவைக் காக்கும் நாயின் உறுமலைக் கேட்ட நாய்கள் எலும்பை விட்டுப் பின்வாங்கின. அந்நியரை அச்சுறுத்தும் உறுமலும் விளையாட்டு உறுமலும் அவ்வளவு பயன் தரவில்லை. அஃதாவது நாய்க்கு நாய் உறுமும் மொழியில் சொல்லுக்குச் சொல் வேறுபாடு உண்டு. நம் காதுக்கும் சிறிது பழகினால் தெரியும். விளையாட்டு உறுமல் குட்டையாக, விரைந்து, விட்டுவிட்டு வரும். சினத்தின் உறுமல் நீண்டு, அடித்தொண்டையில் தங்கும்.

விளையாட்டு திரியும்போது முதலில் மறைவது குழைவு. முதலில் தோன்றுவது விறைப்பு. வாய் மூடிக்கொள்கிறது. வால் உயர்ந்து, ஆடினாலும் கம்பிபோல் ஆடுகிறது. பார்வை ஒரே இடத்தில் நிலைக்கிறது. இரைச்சல் திடீரென்று அடங்குவதும் ஒரு குறி. பலர் அதை அமைதி என்று எண்ணி ஏமாறுவர். முதுகு மயிர் சிலிர்ப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கிளர்ச்சி மிகுந்தாலும் அது சிலிர்க்கும். ஒரு நாய் நாற்காலிக்கு அடியிலும் கதவு மூலையிலும் ஒண்டுவது, தலையைத் திருப்பிக்கொள்வது, வாலைக் காலிடுக்கில் செருகுவது, மற்றது அப்போதும் விடாமல் மேலே விழுவது: இவை கண்டால் அது விளையாட்டன்று. ஒன்று விளையாடுகிறது, மற்றது பொறுத்துக்கொண்டிருக்கிறது.

ஐயம் வந்தால் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உடல் விறைக்குமுன், முரடாக ஆடும் நாயை மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு மற்றதைக் கவனியுங்கள். அது திரும்ப வந்து, நீங்கள் பிடித்திருப்பதன் முகத்தின்முன் துள்ளினால், அதற்கும் விருப்பம் உண்டு; விட்டுவிடலாம். அது தப்பித்தோம் என்று விலகிப்போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பள்ளித் திடலில் கட்டிப் புரளும் சிறுவர்களிடமும் நாம் இதையே செய்கிறோம். மேலே இருப்பவனை நிறுத்திவிட்டுக் கீழே கிடந்தவனின் முகத்தைப் பார்க்கிறோம். கையையும் காலையும் பார்த்தால் எல்லாம் அடிதடியாகவே தோன்றும்.

இனி, வீட்டில் செய்யத்தக்கன. ஆட்டம் உச்சத்துக்கு ஏறுமுன் இடைவெளி கொடுக்க வேண்டும். நாய்கள் தாமே நின்று மூச்சு வாங்காவிட்டால், நாம் பெயர் சொல்லி அழைத்து, வந்ததற்கு ஒரு சிறு தின்பண்டம் கொடுத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் விடலாம். அழைப்பு எப்போதும் ஆட்டத்தின் முடிவாக இருந்தால் எந்த நாயும் வராது. மணி அடித்தால் வகுப்புக்குத்தான் போகவேண்டும் என்று அறிந்த பிள்ளை திடலைவிட்டு நகராமை போன்றதே அது. எங்கள் கடற்கரை ஊர் வெயிலில் நண்பகல் ஆட்டத்தை அறவே தவிர்க்க வேண்டும். நாய் பெரும்பாலும் இரைத்தே தன் சூட்டைத் தணிக்கிறது, உடல் முழுதும் வியர்ப்பதில்லை.

இடவசதியே தலையாயது. சிமெண்டுத் தரை சிறிதாயினும் இரண்டு வழிகள் இருக்கலாம். ஒரு பழைய மேசை, ஏறிப் படுக்க ஒரு பலகை, வீட்டின் பின்புறம் போகத் திறந்த சந்து, சிறியது மட்டும் நுழையத்தக்க இடைவெளி, இவற்றில் ஒன்று போதும். மூலையில் அகப்பட்ட நாய் கடிக்கும். மூலைக்கு மறுவாசல் இருந்தால் போய்விடும். இக்காரணத்தால் ஒன்றைக் கட்டிவைத்து மற்றதை அவிழ்த்துவிடும் வழக்கத்தை நான் கடுமையாகக் கண்டிக்கிறேன். தோட்டத்திலிருந்து நாம் கொண்டுவந்த வழக்கங்களுள் இது ஒன்று. கட்டப்பட்ட நாய்க்குப் போக வழி இல்லை என்பது அதற்குத் தெரியும். அவிழ்ந்தது விளையாட வந்தாலும் அதன் கண்ணுக்கு அது முற்றுகையே. சங்கிலியின் நீளம்தான் அதன் பொறுமையின் நீளம். கட்டுவதானால் இரண்டையும் ஒன்றையொன்று எட்டாத தொலைவில் கட்டுக; அவிழ்ப்பதானால் இரண்டையும் அவிழ்க்க.

இரும்புக் கதவும் ஒரு பொல்லாத இடம். தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வருகிறது. இரண்டு நாய்களும் கதவுக்கு ஓடிக் குரைக்கின்றன. வெளியே போக முடியாத வெறி பக்கத்தில் நிற்கும் தோழன்மேல் பாய்கிறது. அண்ணன்மேல் உள்ள கோபத்தைத் தம்பிமேல் காட்டும் பிள்ளையை நாம் அறிவோம். கதவின் கீழ்ப்பகுதியைத் தகட்டால் மறைத்துவிட்டால் இது பெரும்பாலும் தணியும். வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பும் நேரமும் இத்தகையதே. முதல் சில நிமிடம் யாரையும் தடவாமல் உள்ளே சென்றுவிடுவது நல்லது. சோற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: இரண்டு தட்டு, இரண்டு இடம், தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுதல். ஆட்டம் நடக்கும் இடத்தில் எலும்பு கிடக்கலாகாது.

சில நாய்களுக்குக் கௌவத் தெரியாது; கடிக்கவே தெரியும். இதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. நாயின் இளமைப் பெயர் குருளை என்று தொல்காப்பிய மரபியல் கூறும். அச்சொல்லை வழக்கில் இழந்து, குட்டி என்று வழங்குகிறோம். பெயர் போனதில் குறை இல்லை. அக்குருளைப் பருவத்தையே சுருக்கிவிடுவதுதான் குறை. கண் திறந்து, சோறு நக்கத் தொடங்கியதும் நான்கு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலத்தையே நாய் பிறரோடு பழகக் கற்கும் பருவம் என்று காட்டிற்று. உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விலகிப்போகும்; ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் வேண்டுமானால் பல்லை அடக்க வேண்டும் என்று குட்டி அப்போது கற்கிறது. எட்டு வாரம் வரையேனும் குட்டியைத் தாயோடும் உடன்பிறந்தவையோடும் விட்டுவைத்தால், பின்னர் நாம் கற்பிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

“இரண்டில் ஒன்றைத் தலைவனாக்க வேண்டும்; அடங்காததை அடித்து மல்லாத்த வேண்டும்” என்று அறிவுரை கூறுவார் எங்கள் வட்டாரத்திலும் உண்டு. இக்கருத்தின் வரலாறு சுவையானது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947ஆம் ஆண்டில் எழுதினார். அவை ஓயாமல் ஒன்றையொன்று அடக்கப் போரிட்டன. டேவிட் மெக் என்னும் அமெரிக்கர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூலால் அக்கருத்து மேலும் பரவியது. பின்னர் மெக் காட்டில் வாழும் ஓநாய்களைப் பல கோடைகள் அருகிலிருந்து கண்டு, 1999ஆம் ஆண்டில் அதை மறுத்து எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே. வளர்ந்த பிள்ளை தன் வழியே பிரிந்து போய்விடும். காட்சிசாலையில் போக வழி இல்லை, ஆகவே போர். நம் இரும்புக் கதவுக்குள் நடப்பதற்கும் இதற்கும் உள்ள உறவை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

உறுமிய நாயை அடிப்பது இன்னும் கெடுதல். உறுமல் என்பது முன்னறிவிப்பு. அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அப்போது, “ஒரு சத்தமும் இல்லாமல் பாய்ந்தது” என்று நாம் வியப்போம்.

குட்டியாக இருந்தபோது கூடி விளையாடிய இரண்டு, ஒன்றரை இரண்டு வயதில் பகையாவதும் உண்டு. வளர்ச்சி முற்றும் பருவம் அது. அமெரிக்காவில் ஒரே வீட்டு நாய்களிடையே பகை மூண்ட 38 இணைகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெரும்பாலானவை ஒரே பால் இணைகள். பெட்டைகள் சேர்ந்தவை மிகுதி. தொடங்குவது பெரும்பாலும் பின்னால் வந்த இளைய நாய். உரியவரின் கவனிப்பும் உணவும் கிளர்ச்சியும் முதன்மையான தூண்டுதல்கள். கடுவனும் பெட்டையுமாக வளர்த்துக் கருத்தடை செய்துகொள்வது பொதுவாக எளிதான வழி. முதிய நாய் திடீரென்று விளையாட்டை வெறுத்தால், அதன் பல்லையும் மூட்டையும் காதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. வலிக்கும் இடத்தில் கை பட்டால் நாமும் சீறுவோம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாயை ஏவும் ‘சூ’ என்னும் ஒலியை நம் பிள்ளைகள் நாயை அழைக்கும் சொல்லுக்கு முன்பே கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு நாய்கள் விளையாடும்போது சுற்றி நின்று சூக்காட்டிக் கைதட்டினால், வணக்கத்துக்கும் இடைவெளிக்கும் நேரம் இல்லாமல் போகிறது, கௌவல் கடியாகிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, நாய்கள் ஆடும்போது உட்கார்ந்து பார்த்து, எது எத்தனை முறை வணங்கிற்று என்று எண்ணி எழுதிவரச் சொல்வது பயன் தரும். எங்கள் பள்ளியில் கட்டுரைப் பயிற்சிக்கு இதைக் கொடுத்ததில், வழக்கமாக நாலு வரிக்குமேல் எழுதாத பிள்ளைகள் பக்கம் நிரப்பிவந்தனர்.

எல்லாம் செய்தும் சண்டை மூண்டுவிட்டால், கழுத்துப்பட்டையை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். அந்நேரத்தில் நாய் கை எது, கழுத்து எது என்று பாராது. தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பீச்சலாம். தகரத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பலாம். நாற்காலியையோ பலகையையோ இடையில் நுழைக்கலாம். இரண்டு பெரியவர்கள் இருந்தால், ஆளுக்கு ஒன்றாகப் பின்னங்கால்களைத் தொடையருகே பற்றித் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுப்பதுபோல் பின்னோக்கி இழுக்கலாம். பல் பதிந்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும், பிடி தளரும்வரை பொறுக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். யாருக்கேனும் பல் பட்டிருந்தால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ செல்க. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் கண்டது. ஆகையால் தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடலாகாது.

பிரித்த நாய்களை அன்றே ஒன்றாக விடவேண்டாம். உடலின் கொதிப்பு அடங்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பிறகு முற்றத்துக்குள் சந்திக்க வைக்காமல், மாலை வெயில் தாழ்ந்ததும் இருவர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து, அகலமான சாலையில் நடுவே பத்தடி விட்டு, ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தாதீர்கள். சில நாள்களில் அந்தப் பத்தடி தானே குறையும். இரண்டும் ஒரே மரத்தடியை மோந்துவிட்டுப் பதறாமல் அடுத்த மரத்துக்கு நடந்தால், கயிற்றைச் சிறிது தளர்த்தலாம்.